அவர் பெயரில் ஒரு மீன்

அவருடைய பெயரை நான் இரண்டு தாள்களில் எழுதியிருக்கிறேன். முதல் தாளில் எழுதியதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. இரண்டாவது தாளை எழுத எட்டு மாதம் ஆயிற்று. மூன்றாவதாக இங்கே எழுதப்போவதில்லை. அதனால் குறையொன்றும் இல்லை. காத்திவாக்கத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘கைடு’ என்பார்கள். கோயில் திருவிழா நோட்டீசில் நன்கொடையாளர் வரிசையில்கூட ‘கைடு’ என்றுதான் அச்சாகியிருந்தது.

ஊரில் மற்றவர்கள் வலையோடு கடலுக்குப் போனார்கள். இவர் மட்டும், தூண்டில் போட ஆசைப்பட்டு நகரத்திலிருந்து வருகிறவர்களைத் தன் ஃபைபர் படகில் ஏற்றிக்கொண்டு எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போவார். அண்ணா நகரிலிருந்து டாக்டர்கள் வருவார்கள். வேளச்சேரியிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் வருவார்கள். ஆளுக்கொரு தூண்டில் ராடு, ரீலு, கறுப்புக் கண்ணாடி, வெயிலுக்கு முகத்தைச் சுற்றி ஒரு துணி. பார்த்தால் மீன் பிடிக்க வந்தவர்களாகத் தெரியாது, நகைக்கடையைக் கொள்ளையடிக்க வந்தவர்களாகத் தெரியும்.

அந்த முகமூடிகளில் நானும் ஒருவன். ராயபுரத்தில் வீடு. துறைமுகத்தில் சரக்கு ஆவணங்களைச் சரிபார்க்கும் பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். பச்சை மையில் கையெழுத்துப் போடும் தகுதி எனக்கு இருந்தது. தெருவில் எந்தப் பிள்ளை கல்லூரியில் சேர்ந்தாலும், எந்த வீட்டில் ரேஷன் அட்டை தொலைந்தாலும், நகலை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். அசலைப் பார்க்காமல் நான் எதிலும் ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்தியதில்லை. பாதிரியார் கொண்டுவந்தபோதும் அசலைக் கேட்டேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. உண்டு என்பதைவிட, இருந்தது என்பதுதான் சரி.

வெளிநாட்டிலிருக்கும் என் மகன் ஓய்வுக்காலப் பரிசாக ஒரு ராடு வாங்கி அனுப்பினான். இரண்டு வருடம் அதில் துண்டு காயப்போட்டேன். பிறகு ஒருநாள் யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு அதை எடுத்துக்கொண்டு காத்திவாக்கம் போய் இறங்கினேன்.

முதல் பார்வையில் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வரவில்லை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். சாம்பல் நிற மீசை. உச்சி வெயிலில், டீக்கடை பெஞ்சில், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படகில் ஏறியதும் அதைக் கழற்றிக் காலடியில் போட்டுவிட்டார்.

“என்னங்க, தலைகீழாச் செய்றீங்க?” என்றேன்.

“தண்ணியில இன்னா சார் ஆபத்து? ரோட்டுலதான் கண்டெய்னர் லாரி வர்றான்.”

அவரிடம் நான் கேட்ட முதல் நியாயம் அது. பிறகு கேட்டவையும் ஏறக்குறைய அதே தரத்தில்தான் இருந்தன. ஆனால் ஒன்றையும் என்னால் மறுத்துப் பேச முடிந்ததில்லை.

அன்றைக்கு எனக்கு முதல் மீன் கிடைத்தது. அனல் மின் நிலையத்தின் புகைக்கூண்டுகளை வைத்து அவர் எனக்குத் திசை சொன்னார். “ரெண்டாவது கூண்டுக்கு நேரா வீசு சார். கூண்டு மேல வீசாத, தண்ணியில வீசு.” நான் வீசியது படகுக்குள்ளேயே விழுந்தது. ராடின் நைலான் நரம்பு சிக்கிக்கொண்டது. “குடு சார், சிக்கெடுத்துத் தர்றேன்” என்று ராடை வாங்கினார். சிக்கெடுத்தார். ‘சரியாகிவிட்டதா என்று பார்க்க’ ஒரு தடவை வீசினார். ஆள்காட்டி விரலை நரம்பின்மேல் வைத்துக்கொண்டு, என் மகனுக்கு அந்த நாட்டில் இட்லி கிடைக்குமா என்று விசாரித்தார். கிடைக்கும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வாயிலிருந்த பீடியை எடுத்துத் தண்ணீரில் போட்டார்.

“சே. பாசி மாட்டிகினு கீது சார். கொஞ்சம் புடி.”

பிடித்தேன். பாசி துள்ளியது. தண்ணீருக்கு மேலே வெள்ளியாய் எழும்பி வாயைத் திறந்து தலையை உதறியது. கொடுவா மீன். நான் கத்தினேன். அறுபத்திரண்டு வயதில் அப்படிக் கத்தியது எனக்கே புதிது. அவர் படகின் கோடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மீனைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பயங்கரமான ஆளு சார் நீ. பாசியக் காட்டி மீனப் புடிச்சிட்டியே!”

என் கைப்பேசியில் படம் எடுத்தும் கொடுத்தார். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினேன்.

இரண்டாவது மீனுக்கும் முன்னால் பாசி மாட்டியது. மூன்றாவதுக்கும் மாட்டியது. முப்பத்து நான்கு வருடம் ஆவணங்களில் பொய்யைத் தேடியவனுக்கு இது புரிய எவ்வளவு நேரமாகும்? இரண்டாவது மீனிலேயே புரிந்துவிட்டது. மீன் கவ்வியது அவர் விரலுக்குத் தெரியும். முள்ளை மாட்டுவதும் அவர் கைதான். அதற்குப் பிறகுதான் பாசியின் பெயரால் ராடு நம் கைக்கு வரும். வந்த கணத்தில் மீன் துள்ளும். நம் கைக்கு வந்த பிறகுதான் மாட்டியது என்று நாம் நம்புவோம். எனக்குப் புரிந்தது. நான் சொல்லவில்லை. சொன்னால் சுவரில் மாட்டிய படத்தைக் கழற்ற வேண்டியிருக்கும்.

இது அவருக்குத் தொழில் தந்திரம் என்று நீண்ட நாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. கேரம் ஆடும்போது சிவப்புக் காயைக் குழியின் வாயில் கொண்டுபோய் வைத்துவிட்டு, “நீ போடு” என்று எதிராளியிடம் விட்டுவிடுவார். பழைய வண்டியை அரை மணி நேரம் உதைத்து, இதோ கிளம்பப்போகிறது என்று தெரிந்ததும், வேடிக்கை பார்க்கிறவனைக் கூப்பிட்டு உதைக்கச் சொல்வார். மகள் கல்யாணத்தில், தாலித் தட்டை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்ட வேண்டிய நேரத்தில், பக்கத்தில் நின்ற பந்தல்காரரிடம் “கொஞ்சம் புடி” என்று கொடுத்துவிட்டார். அந்தப் பந்தல்காரர்தான் கல்யாண ஆல்பத்தில் பெண்ணின் தகப்பன்போல நிற்கிறார். இதை அவர் மனைவியே எனக்குக் காட்டினாள்.

ஒருநாள் அவரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். “நீங்களே ஒரு நாளும் தூண்டில் போடறதில்லையா?”

“மீனு துள்றப்போ, ராடு வச்சிருக்கிறவன் மூஞ்சியப் பாத்துகீறியா சார்? டாக்டரோ, வக்கீலோ, எவனா இருந்தாலும் சரி. அந்த மூஞ்சி ஒரே மூஞ்சிதான். அத்தப் பாக்கத்தான் நான் வர்றேன். ராடு என் கையில இருந்தா, என் மூஞ்சிய நான் எப்டிப் பாக்கிறது?”



இதற்குப் பதில் வைத்திருந்தவள் அவர் மனைவி. காத்திவாக்கம் மீன் ஏலத்தில் குரலுக்குப் பெயர் போனவள். நான் இருக்கிறேன் என்று பார்க்க மாட்டாள்.

“சாரு, நீயே கேளு. அண்ணா நகர்ல இந்தாளு புடிச்ச மீனு சுவத்துல தொங்குது. அடையாறுல தொங்குது. ராயபுரத்துல உன் வூட்லயும் தொங்குதாம். எங்க வூட்டுச் சுவத்துல இன்னா தொங்குது? கேஸ் கம்பெனி காலண்டரு. கட்னதுலேர்ந்து கேக்கறேன், உன் பேர்ல ஒரு மீனு கீதாய்யா? ஒண்ணே ஒண்ணு?”

“கடல்ல கீறதெல்லாம் என் மீனுதான்” என்பார் அவர்.

“அப்போ கடல மாட்டு சுவத்துல!”

ஊரும் விடவில்லை. படகு கரைக்கு வரும்போது வலை பின்னிக்கொண்டிருப்பவர்கள் குரல் கொடுப்பார்கள். “இன்னா மாமு, இன்னிக்கு எவனுக்குப் புள்ள பெத்துக் குடுத்துட்டு வர்றே?” அவர் சிரித்துக்கொண்டே மிதவைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு சாலையைக் கடப்பார். சிரிப்பில் ஒன்றும் தெரியாது. ஆனால் வீட்டுக்குள் போனதும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் போட்டி வந்தது. நகரத்துத் தூண்டில் பிரியர்கள் சிலர் ஒரு சங்கம் வைத்து, வருடம் ஒருமுறை முகத்துவாரத்தில் மீன்பிடிப் போட்டி நடத்த ஆரம்பித்தார்கள். கரையோரம் எண் போட்ட முளைக்குச்சிகள் நட்டிருப்பார்கள். ஆளுக்கொரு எண். காலையில் விசில், மதியம் விசில். பிடித்த மீனைப் பலகையில் வைத்து நீளம் பார்த்து, படமெடுத்து, மறுபடி தண்ணீரில் விட்டுவிட வேண்டும். நீளமான மீனுக்குக் கோப்பை. ஒருவருடைய ராடை இன்னொருவர் தொடக்கூடாது.

அவர் சேரலாமா என்று யோசிக்க ஆரம்பித்தார். இரண்டு வருடம் யோசித்தார். “யோசிச்சுகினு கீறேன் சார்” என்பது அவர் வணக்கம் சொல்கிற முறையாகவே ஆகிவிட்டது. யாரைப் பார்த்தாலும் யோசனை கேட்பார். டீக்கடைக்காரர் சேரச் சொன்னார். அத்திப்பட்டில் ஜோசியம் பார்க்கிறவர், மீன ராசிக்காரர் மீன் பிடிக்கும் போட்டியில் சேர்ந்தால் சொந்தத்தில் சண்டை வரும் என்றார். அதனால் அந்த வருடம் சேரவில்லை. அடுத்த வருடம் மீனிடமே கேட்டார். பிடித்த மடவை ஒன்றைத் தண்ணீரில் விடுவதற்கு முன் கையில் வைத்துக்கொண்டு, “சேரட்டுமா?” என்றார். அது வாயைத் திறந்து மூடியது. “சேரச் சொல்றான் சார்.” கரையேறிய மீன் வேறு என்ன செய்யும் என்று நான் கேட்கவில்லை.

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு ராயபுரம் வந்தார். என் மேசைக்கு எதிரே, மிதவைச் சட்டையோடு உட்கார்ந்தார். நான் பேனாவைத் திறந்தேன். பெயர், வயது, முகவரி எழுதினேன். அடுத்து ஒரு கட்டம்: ‘இதுவரை பிடித்த மிகப் பெரிய மீன். படம் இணைக்கவும்.’

அவர் யோசித்தார். அவர் எடுத்த படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். எடுத்தவர் என்பதால் ஒன்றிலும் அவர் இல்லை. எங்களுக்கு மேலே, சுவரில், நான் என் கொடுவாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி தொங்கிக்கொண்டிருந்தேன்.

“இல்லன்னு போடு சார்.”

“இல்லைன்னா?”

“நான் புடிச்சதுன்னு ஒன்னியும் இல்லியே.” மேலே பார்க்காமல் கேட்டார். “வேற எதுனா எழுத முடியுமா சார்?”

அந்த இடத்தில் நான் என் பேனாவை மூடிவிட்டு, சுவரிலிருந்து படத்தைக் கழற்றி, ‘இந்த மீன் இவர் பிடித்தது’ என்று பின்னால் எழுதி இணைத்திருக்க வேண்டும். அசலைப் பார்த்தவன் நான்தான். ‘இல்லை’ என்று எழுதினேன். அழகான கையெழுத்தில் எழுதினேன். இது முதல் தாள்.

பயிற்சி தொடங்கியது. பிடிக்கத் தெரியாமலா அவருக்குப் பயிற்சி வேண்டும்? பிடித்ததைக் கொடுக்காமல் இருக்கத்தான் பயிற்சி. மணலில் அவரை நிற்க வைத்து, நரம்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி மீனாக நடித்தாள். அவள் வெடுக்கென்று இழுப்பாள். உடனே இவர் பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவரிடம் ராடை நீட்டிவிடுவார். என்னிடம் நீட்டினார். ஐஸ் வண்டிக்காரரிடம் நீட்டினார். யாருமில்லாதபோது, ஒரு தடவை, “இந்தா, புடி” என்று இழுத்துக்கொண்டிருந்த மனைவியிடமே கொண்டுபோய்க் கொடுத்தார்.

“மீன் கையிலயே ராடக் குடுக்கறியே, நீயெல்லாம் ஒரு ஆளு!” என்று அவள் மணலில் உட்கார்ந்து சிரித்தாள்.

கடைசியில் அவள் தன் பழைய புடவையைக் கிழித்து ராடையும் அவர் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டிவிட்டாள். அன்றைக்குத் தனியாகப் படகில் போகச் சொன்னோம். பக்கத்தில் ஆளே இல்லை, யாரிடம் கொடுப்பார்? ஒரு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பினார்.

“மாட்டலையா?”

“மாட்டிச்சு சார். நல்ல காலா மீனு.” தலையைச் சொறிந்தார். “பாலத்து மேல செக்யூரிட்டி ஒருத்தர் பாத்துகினு நின்னாரு. பாவம், டூட்டி. படகக் கீழ உட்டு, கட்ட அவுத்து, மேல நீட்டிட்டேன். மூஞ்சியப் பாக்கணுமே நீ!”

அந்தச் செக்யூரிட்டி வீட்டுச் சுவரிலும் இப்போது ஒரு மீன் தொங்கும்.

இதன் பிறகுதான் அவர் அந்தத் திட்டத்தோடு வந்தார். எனக்கு வந்த கேடு அதுதான்.

“சார், நீயும் போட்டியில சேரு. என் பக்கத்துக் குச்சியில நில்லு. எனக்கு மாட்டிச்சுன்னா நான் எப்டியும் பக்கத்துல கீறவன்கிட்டதான் நீட்டுவேன். என் கை கேக்காது. நீட்டினா நீ வாங்காத. கையப் பின்னால கட்டிக்கோ. அவ்ளோதான். ஒரு நொடி நீ வாங்கலன்னா, அப்புறம் நானே இழுத்துடுவேன்.”

“நான் எதுக்கு? வேற யாராவது...”

“வேற எவனும் வாங்கிடுவான் சார். நீ வாங்க மாட்ட. அசலப் பாக்காம கையெழுத்தே போட மாட்டன்னு ராயபுரத்துல எல்லாரும் சொல்றான்.”

மாதா மேல் சத்தியம் செய்தேன். அவர் கேட்கவில்லை, நானாகவே செய்தேன்.

போட்டியன்று அவருக்குப் பதினான்காம் எண் குச்சி, எனக்குப் பதினைந்து. சங்கத்துக்காரர்களிடம் சொல்லி வாங்கியிருந்தேன். அவர் மனைவி ஏலத்தை விட்டுவிட்டு வந்து கயிற்றுக்குப் பின்னால் நின்றாள். கூடவே ஊர் நின்றது. மாட்டுவதற்காக ஆணியை அடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். காலண்டர் இடம் மாறியாயிற்று.

வெகு நேரம் ஒன்றும் இல்லை. அங்கங்கே யாரோ கிழங்கானும் கெளுத்தியும் பிடித்தார்கள். எனக்கு இரண்டு பாசி கிடைத்தது, நிஜப் பாசி. ஓதம் திரும்பி, கடல்நீர் உள்ளே ஏற ஆரம்பித்தது. அவர் பீடியை எடுத்துத் தண்ணீரில் போட்டதைப் பார்த்தேன்.  உடனே என் ராடைக் கீழே போட்டுவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இது உண்மை. கட்டிக்கொண்டேன்.

அவர் மணிக்கட்டு ஒரு சொடுக்குச் சொடுக்கியது. ராடு வில்லாய் வளைந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் பார்த்தேன். அவர் எங்கள் எல்லோரிடமும் தேடிக்கொண்டிருந்த முகம் அதுதான். அவருக்கு அது இருந்தது. அவருக்கு அது தெரியவில்லை, பார்த்தவன் நான் ஒருவன்தான்.

“பாசி மாட்டிகினு கீது சார்,” என்று அவர் வாய் சொன்னது. “கொஞ்சம் புடி.”

கயிற்றுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி கத்தினாள். “குடுக்காதய்யா! சாரு, வாங்காத!”

பல வருடப் பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது என்று பின்னால் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். அது பொய். ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தில் நான் ராடின் வளைவைப் பார்த்தேன். இவ்வளவு பெரியது இனி என் ஆயுசில் வராது என்று கணக்காகத் தோன்றியது. கைகளை அவிழ்த்தேன். வாங்கினேன்.

மீன் துள்ளியது. நடுவராக இருந்த இளைஞன் அந்தச் சத்தத்தில்தான் திரும்பிப் பார்த்து ஓடிவந்தான். வந்தபோது ராடு என் கையில் இருந்தது. “அங்கிள், செம்ம! பிடிங்க, விடாதீங்க!” என்றான். நான் விடவில்லை. பலகையில் வைத்தபோது வால் பலகைக்கு வெளியே நீண்டிருந்தது. ஊர்க்காரர்கள் எதையோ கத்தினார்கள். நடுவருக்கு அது உற்சாகக் குரலாகப் பட்டது. உண்மையைச் சொன்னால் விதிப்படி மீன் யாருடையதும் ஆகாது, அவருக்கும் போய்விடும் என்று எனக்குள் ஒரு சட்டம் பேசினேன். முப்பத்து நான்கு வருடம் படித்த படிப்பு இப்படிப்பட்ட நேரங்களில் நன்றாகத் துணை நிற்கும்.

அவர் வழக்கம்போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவருடைய சிரிப்பு குறைந்தது. அவர் பார்க்க வந்தது ஒன்றும் தெரியாதவனின் ஆச்சரியத்தை. என் முகத்தில் அது இல்லை. எல்லாம் தெரிந்தவன் முகம் அது.

“எப்போலேர்ந்து சார் தெரியும்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இரண்டாவது மீன்.”

தலையாட்டினார். அவ்வளவு நாள் பார்த்த என் முகங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுப்பதுபோல இருந்தது அந்தத் தலையாட்டல். பிறகு, பழக்கம் விடாமல், என் கைப்பேசியை வாங்கினார். “சிரி சார், படம்.” நான் மீனைத் தூக்கிப் பிடித்தேன். ஒருமுறை அழுத்தினார். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு சாலையைப் பார்த்து நடந்தார். மேடையில் என் பெயரைச் சொல்லிக் கோப்பை கொடுத்தபோது அவர் இல்லை. அவர் மனைவி நின்றிருந்தாள். கை தட்டவில்லை, திட்டவும் இல்லை. ஏலத்தில் அழுகிய மீனைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

எட்டு மாதம் நான் காத்திவாக்கம் பக்கம் போகவில்லை. கோப்பையை அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் வைத்தேன். தவக்காலம் வந்தது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டு, “ஃபாதர், என்னுடையது இல்லாத ஒரு மீனை என்னுடையது என்று வைத்திருக்கிறேன்” என்றேன்.

கம்பிவலைக்கு அந்தப்புறம் ஜெபமாலை உருளும் சத்தம் நின்றது.

“எங்கே பிடிச்சது?”

“எண்ணூர் முகத்துவாரம், ஃபாதர்.”

நாற்காலி வலைக்கு அருகே நகர்ந்தது. பிறகு தாழ்ந்த குரலில், “அதுக்கு முன்னாடி... பாசி மாட்டிக்கிட்டதுன்னு சொன்னாரா?”

“ஆமா ஃபாதர்.”

நீண்ட பெருமூச்சு ஒன்று கேட்டது. பங்குத்தந்தை அறையின் சுவரில், அங்கி முழங்காலுக்கு மேல் சுருண்டிருக்க, இரண்டு கையாலும் அவர் ஒரு செப்பிலி மீனைத் தூக்கிப் பிடித்திருக்கும் படம் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“உரியவருக்கு உரியதைக் கொடுத்துடு” என்றார். “அப்புறம், இங்கே பேசினது நமக்குள்ளேயே இருக்கட்டும்.”

பாவசங்கீர்த்தன ரகசியத்தைக் காக்க வேண்டியவர் அவர்; அதை அவர் என்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது வேடிக்கைதான். அந்த வாக்கையும் இதோ மீறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கைப்பேசியில் அந்தப் படத்தை முதல்முறையாகத் திறந்து பார்த்தேன். கரை, பதினைந்தாம் எண் குச்சி, என் இரண்டு கைகளில் அந்தப் பெரிய மீன். என் முகம் இருக்க வேண்டிய இடத்தில், வலது மேல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கி, அவருடைய கட்டைவிரல். தவறி விழுந்ததோ, வேண்டுமென்று வைத்தாரோ தெரியாது. நகத்தின் நடுவே பிளவு. நங்கூரக் கயிற்றில் சிக்கிப் பிளந்த நகம் அது. அவர் எடுத்த அத்தனை படங்களில் அவர் இருக்கும் ஒரே படம்.

பெரிதாக்கி அச்சுப் போட்டேன். ஓய்வு பெற்றவனின் முத்திரைக்கு மதிப்பில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே எடுத்தேன். ஒரு தாளில் பச்சை மையால் எழுதினேன்: ‘இணைப்பிலுள்ள படத்தில் காணப்படும் கொடுவா மீனைப் பிடித்தவர், அதே படத்தில் வலது மேல் மூலையில் கட்டைவிரலாகத் தோன்றுபவர் என்றும், மீனை ஏந்தி நிற்பவர் அதைப் பிடிக்கவில்லை என்றும், ஏந்தி நிற்பவன் நானே என்பதால், நேரில் அறிந்து சான்றளிக்கிறேன்.’ கட்டைவிரலாகத் தோன்றுபவர் என்பதற்கு அடுத்து அவருடைய முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதினேன். கையெழுத்திட்டு முத்திரை குத்தினேன். ஒரு பிரதி சங்கத்துக்கு அனுப்பினேன். அவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். வேறு பெயரைப் போடவில்லை.

இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு, படத்தோடும் கோப்பையோடும் காத்திவாக்கம் போனேன். அவர் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு ரீலைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. அவர் மனைவிதான் வாங்கினாள். கோப்பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.

“யாரு இது, மூஞ்சியே இல்லாம?”

“நான்.”

“இன்னாத்துக்கு இத்தக் கொண்டாந்த?” என்றவள் நிறுத்தினாள். மூலைக்கு அருகே கண்ணைக் கொண்டுபோனாள். “ஏய். இது அந்தாளு வெரலு. நகத்தப் பாரு. இது அவரு வெரலுதான்!”

தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். “அவரு பேரு எங்க கீது?” என்றாள். விரல் வைத்துக் காட்டினேன். என் விரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன் விரலை வைத்தாள். எடுக்காமலே உள்ளே போனாள். அடித்த ஆணி எட்டு மாதமாக வெறுமையாகவே இருந்தது. தாளையும் படத்தையும் சேர்த்து அதில் மாட்டிவிட்டு, எட்ட நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் ரீலுக்கு எண்ணெய் விட்டுச் சுற்றிப் பார்த்தார். சுற்றியது. பிறகு தலையைத் திருப்பாமல் சொன்னார்.

“பாசிக்கு எதுக்கு சார் சீலு?”